கிழக்குத் தெருப் பெட்டியைக் காலி செய்தது நான்

எனக்கு எழுபத்து நான்கு வயது நடக்கிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாத்தனார் கல்யாணத்தையும் நான்தான் முன்னின்று முடித்து வைத்தேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் என்னை யாரும் படிக்க அனுப்பவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அப்படித்தான் எழுதவும் செய்வேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் போய்விடும். படிக்கிறவர்களும் அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

பெட்டி என்று நான் சொல்வது இரும்புப் பெட்டி இல்லை. முறுக்கு போட்டு வைக்கும் சம்படம் அளவில் ஒரு கம்ப்யூட்டர். ஊரில் அப்படி மூன்று இருந்தன. முதல் பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில். இரண்டாவது எங்கள் தெருக் கோடியில் இருக்கும் நூலகக் கட்டடத்தில். மூன்றாவது கிழக்குத் தெருவில், இதையெல்லாம் செய்து கொடுத்த பெண்ணின் வீட்டில். கேபிள்காரர் கம்பத்துக்குக் கம்பம் வயர் இழுத்து மூன்றையும் இணைத்திருந்தார்.

அந்தப் பெண் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் பாதி நாள் அங்கே, மீதி நாள் ஊரில் இருந்தபடியே வேலை. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களில் கோப்புகளைப் பிரித்து வைத்து, ஒன்று கெட்டாலும் எதுவும் தொலையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் தொழிலாம். அவளுடைய அம்மா முப்பது வருஷம் எங்கள் வயலில் நாற்று நட்டவள். என்னை விட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள்.

போன பெரும்புயலில் கிழக்குத் தெருவில் ஒரு கூரை மிச்சமில்லை. டிரங்குப் பெட்டிக்குள் இருந்த சீட்டும் சான்றிதழும் நனைந்து கூழாகிவிட்டன. கூழாகாமல் தப்பியதை அந்தப் பெண் பாயில் பரப்பிக் காயவைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். அதில் அவள் அம்மாவின் குத்தகைச் சீட்டும் ஒன்று. பதிவு செய்யாத சீட்டு அது. என் மாமனார் காலத்தில் எழுதியது. வாய்க்கால் ஓரத்து நிலத்தை அவள் குடும்பம் உழுது அனுபவிக்கலாம் என்று கண்டிருந்தது. படம் பிடித்த மறு மாதமே அந்தக் காகிதம் மடிப்பு மடிப்பாக உதிர்ந்து போனது. படம் மட்டும்தான் மிச்சம். அந்த நிலம் பாகப்பிரிவினையில் என் நாத்தனார் பேருக்குப் போயிருந்தது. அவள் கீழ்வேளூரில் இருக்கிறாள். நிலத்தை விற்க வேண்டும், உழுகிறவளைக் கிளப்ப வேண்டும் என்று அப்போதே பேச்சு ஆரம்பித்திருந்தது.

கிழக்குத் தெருக் காகிதங்களைப் பார்த்து உழவர் குழுவில் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. ஊர்ப் பத்திரம் எல்லாம் படமாகிப் பெட்டிகளுக்குள் போனது. எங்கள் வீட்டுப் பத்திரங்களும் போயின.

அவள் எனக்கு விளக்கிச் சொன்னது நினைவிருக்கிறது.

"ஒவ்வொரு காகிதமும் மூணு பொட்டியிலயும் இருக்கும் பெரியம்மா. ஒண்ணு கெட்டா மத்த ரெண்டும் குடுக்கும்."

"தெரியாதா எனக்கு? விதைநெல்லை மூணு வீட்டுல பிரிச்சு வைக்கலையா நாங்க?"

"அதேதான் பெரியம்மா. ஆனா மூணும் ஒரே தெருவுல இருக்கக் கூடாது. தெருவுக்கே ஒண்ணுன்னா மூணும் சேந்து போயிடும்ல."

நாங்கள் விதைநெல் வைத்த மூன்று வீடும் எங்கள் தெரு வீடுகள்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் என்னைப் பெரியம்மா என்றதும் எனக்கு ஒட்டவில்லை. அவள் அம்மா இத்தனை வருஷமும் 'அம்மா' என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள். இதையும் எழுதிவிடுகிறேன்: அவள் வரும்போது காபி கொடுக்க ஒரு கட்டுப் பேப்பர் கப் வாங்கி வைத்திருந்தேன். கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் என் பேத்தி, "ஏன் அப்பாயி, அலமாரி நெறைய டம்ளர் இருக்கே?" என்று அவள் முன்னாலேயே கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "எனக்கு இதுதான் வசதி" என்று சொல்லிக் கப்பை எடுத்துக்கொண்டாள்.

ஊர்க் காகிதம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அந்தப் பெட்டிகளுக்கு வெளி இணைப்பு கிடையாது. படம் பிடித்த போனிலும் அவள் எதையும் மிச்சம் வைக்காமல் அழித்துவிட்டாள். சென்னையில் இருந்துகொண்டு அவளாலும் அவற்றைத் தொட முடியாது. திரையும் விசைப்பலகையும் எங்கள் வீட்டில் மட்டும்தான். அவள் இல்லாத நாளில் தினம் காலையில் ஒருவர் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது என்று குழுவில் கேட்டபோது, நான் பார்க்கிறேன் என்றேன். சிலர் சிரித்தார்கள். சிரித்ததனாலேயே பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன்.

அதில் படம், பொம்மை எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாம் ஒரு வார்த்தை அடித்தால் அது பதில் சொல்லும். இங்கிலீஷில் அடிக்க வேண்டியதை எனக்காகத் தமிழில் மாற்றி வைத்தாள். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டினாள். 'பார்' என்று அடித்தால் மூன்று பெட்டியும் எப்படி இருக்கின்றன என்று மூன்று வரி வரும். 'எடு' என்றால் கேட்ட காகிதம் திரையில் வரும். ஒரு பெட்டி பழுதானால் அதிலிருப்பதை அப்புறப்படுத்தி ஒதுங்கச் செய்ய 'காலி'. அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள 'சேர்'. பின்னால் பெட்டியின் எண்ணை அடிக்க வேண்டும். நூலகத்துப் பெட்டி ரிப்பேருக்குப் போனபோது காலியும் சேரும் எப்படி என்று பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள்.

இரண்டு மாதத்தில் எனக்குக் கை பழகிவிட்டது. கோயிலுக்குப் போனால், "கம்ப்யூட்டர் அம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்பார்கள். கேலிதான். ஆனாலும் எனக்கு அது இனித்தது. பெட்டியை மாடியில் வைக்கச் சொன்னாள் அவள். நான் கூடத்திலேயே முழங்கால் உயர ஸ்டூலில் வைத்துக்கொண்டேன். மாடியில் வைத்தால் வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அவள் வீட்டில் மூன்றாவது பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்திருந்தாள். வருஷா வருஷம் தண்ணீர் பார்த்த தெரு அது. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை.

ஐப்பசியில் நாத்தனார் வந்தாள். பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"ஏன் அண்ணி, நம்ம வீட்டுப் பத்திரம் பூரா இப்ப கெழக்குத் தெருவுல குடியிருக்காமே?"

"அங்க மட்டுமா? இங்கயும் இருக்கு, நூலகத்துலயும் இருக்கு."

"இங்க இருந்தாச் சரி. அங்க ஏன் இருக்கணும்? சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டு, பீரோவை அவங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்க."

"நீ சும்மா இரு. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

"எனக்கு வெளங்கலை அண்ணி. ஊருக்கு வெளங்கிடுச்சு. பஸ்ஸுல ஒருத்தி எங்கிட்டயே கேட்டுட்டா, பெரிய வீட்டுக்காரங்க பத்திரத்தைக் காவல் காக்கக் கெழக்குத் தெருவுல ஆள் வச்சிருக்காங்களாமேன்னு."

முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் சொன்னது போகவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக் காகிதத்தை மட்டும் அங்கிருந்து எடுக்க எனக்குத் தெரியாது. பெட்டியையே ஒதுக்கத்தான் தெரியும். அது எப்போதும் தண்ணீர் நிற்கிற தெரு, அங்கே இருப்பதுதான் ஆபத்து என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பெட்டி பரணில் இருப்பது எனக்குத் தெரியாததா? 'காலி 3' என்று அடித்தேன்.

"உறுதியா?" என்று கேட்டது.

"ஆம்" என்று அடித்தேன். தவறிப் போய் விரல் பட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. அது கேட்டது, நான் பதில் சொன்னேன்.

அதன் பிறகு தினமும் 'பார்' அடித்தால், மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. பார்ப்பேன், திரையை அணைத்துவிடுவேன். சென்னையிலிருந்து அவள் காலையில் போன் செய்வாள்.

"மூணும் சரியா இருக்கா பெரியம்மா?"

"இருக்கு."

"நீங்க இருக்குறதால எனக்குக் கவலையே இல்ல."

பதினோரு நாள் இப்படிச் சொன்னேன். பதினொன்றாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. அவள் மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள்.

"மழை பெருசா இருக்கும்ங்கிறாங்க பெரியம்மா. ஸ்டூல்ல இருக்குறதை மாடிக்குத் தூக்கிடுங்க. நூலகத்துச் சாவிக்காரரு வெளியூர் போயிட்டாராம். பரவாயில்ல, எங்க வீட்டுல ஒண்ணு இருக்குல்ல."

அவள் வீட்டில் இருக்கிற அந்த ஒன்றும் காலி என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போய் உட்கார்ந்து 'சேர் 3' என்று அடித்தேன். மூன்றாவதை எட்ட முடியவில்லை என்றது. மறுபடி அடித்தேன். அதே பதில். மூன்றாவது தடவையும் அடித்தேன். காற்றில் கிழக்குத் தெரு முனைக் கம்பம் சாய்ந்து வயர் அறுந்து கிடந்தது எனக்கு அப்போது தெரியாது. அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் அண்ணன் தம்பி யாரையாவது அனுப்பி எங்கள் கூடத்துப் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லியிருப்பாள். சொன்னால் இந்தப் பதினோரு நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பெட்டியை மாடிக்கும் தூக்கவில்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்படி வரும்?

விடியும்போது வாய்க்கால் எங்கள் தெருப் பக்கம் உடைத்துக்கொண்டது. நான் பாயைவிட்டு எழுந்து கால் வைத்தது தண்ணீரில். ஸ்டூல் குப்புற மிதந்தது. நூலகத்தில் இடுப்பளவு ஏறியதாகச் சொன்னார்கள். கிழக்குத் தெருவிலும் தண்ணீர்தான், ஆனால் பரணுக்கு எட்டவில்லை. அந்தப் பெட்டி ஒரு குறையும் இல்லாமல் பச்சை விளக்கோடு இருந்ததாம். உள்ளே ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டு மூலப் பத்திரங்கள் மாடி பீரோவில் ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தன. எங்கள் தெருவில் அநேகம் பேருக்கு அப்படித்தான். படம் போனால் வேறு படம் எடுத்துக்கொள்ளலாம். மூலம் இல்லாதவர்கள் கிழக்குத் தெருவில்தான் இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அவள் வந்தாள். சேறு படிந்த பெட்டியைப் பிரித்து, துடைத்து, நாள் கணக்கில் காயவைத்தாள். காகிதங்கள் இருந்த பெரிய டிஸ்க் பிழைக்கவில்லை. நூலகத்தில் இருந்ததும் அப்படியே. விரல் நகம் அளவில் ஒரு சின்ன அட்டை மட்டும் பிழைத்தது. அதைத் தன் லேப்டாப்பில் செருகினாள். நான் எதிரில் நாற்காலியில் இருந்தேன்.

"அதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"காகிதம் எதுவும் இல்ல பெரியம்மா. நாம இதுல அடிச்சதெல்லாம் வரிசையா இருக்கும். நாளும் நேரமும் போட்டு."

அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அவள் கண் மேலிருந்து கீழே போனது. பார், பார், பார் என்று என் காலை நேரங்கள். ஓரிடத்தில் நின்றது. நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகச் சொன்னாள்.

"சேர்னு மூணு தடவை அடிச்சிருக்கீங்க."

அவ்வளவுதான். அட்டையைக் கழற்றித் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். காபி போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் பெரியம்மா" என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் வயசைக் காட்டி எதிர்த்துப் பேசியிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

அந்த வாரம் நெல் கொள்முதல் நிலையக் களத்தில் குழு கூடியது. எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

"மூணு எடத்துல இருக்கும், ஒண்ணு போனா ஒண்ணு குடுக்கும்னியேம்மா? மூணாவது ஒங்க வீட்டுலதானே இருந்துச்சு? அது மட்டும் எப்படிக் காலி?" என்று ஒருவர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"படிச்ச புள்ளைன்னு நம்புனோம்" என்றார் இன்னொருவர்.

அவள் எழுந்து நின்றாள். "நான் ஊருல இல்லாதப்ப கவனிக்கிற மாதிரி செஞ்சிருக்கணும். என் தப்புதான்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வயசான காலத்துல பெரியவங்க தெனம் உக்காந்து பாத்தாங்க. அவங்க மேல என்ன குத்தம்?" என்று யாரோ சொன்னார்கள். நான் முந்தானையை இழுத்துத் தோளில் சரி செய்துகொண்டேன். அதுதான் நான் செய்தது. பெட்டியைக் காலி செய்ததைவிட அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூசுகிறது.

நாத்தனார் நிலத்துக்கு மனுக் கொடுத்துவிட்டாள். உழுகிறவளிடம் ஒரு சீட்டும் இல்லை, ஆளை வெளியேற்ற வேண்டும் என்று மனு. நன்னிலம் தாலுகா ஆபீஸில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நான் செய்தது தெரியவந்தால், இந்த அண்ணி நமக்காகத்தான் செய்தாள் என்று நாத்தனார் நினைத்தாலும் நினைப்பாள். அப்படி அவளுக்காகச் செய்திருந்தால்கூட அதில் ஒரு பாசம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் செய்தது பஸ்ஸில் எவளோ ஒருத்தி பேசிய பேச்சுக்காக.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். கொல்லைப் பக்கமாக வந்தாள், எப்போதும் வருகிற வழி. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்னடி, முட்டி வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"அது கெடக்குது அம்மா. ஒண்ணு கேக்கணும். அந்தச் சீட்டை நீங்க ஒரு தடவை திரையில எடுத்துப் படிச்சீங்களாம்ல, பாப்பா சொன்னுச்சு."

"படிச்சேன்."

"அதுல என்னதாம்மா எழுதியிருந்துச்சு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. நாற்பது வருஷம் அந்தச் சீட்டை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தவளுக்கு அதில் இருப்பது என்னவென்று தெரியாது. எழுத்துத் தெரியாதவள். மகள் படித்துச் சொல்லவில்லையா என்றேன்.

"சொன்னுச்சு. அது சொல்லி என்ன பண்றது, ஏ மவதானேன்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னாக் கேக்கணும்னு தோணுச்சு."

சொன்னேன். எடு என்று அடித்து அதை வரவழைத்த அன்றைக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டி அரை மணி நேரம் படித்ததனால், எனக்கு அது வரி பிசகாமல் நினைவிருந்தது. வாய்க்கால் ஓரம், மேல் பக்கம் புளியமரம், கீழ்ப் பக்கம் களத்து மேடு, அதற்குள் அடங்கிய நஞ்சை. அவள் புருஷனும் அவளும் அவர்களுக்குப் பின் வருகிறவர்களும் உழுதுகொள்ளலாம். கீழே என் மாமனார் கையெழுத்து. அவள் புருஷனின் கைரேகை. சாட்சி என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே இழுத்து ஒரு கோடு போடுவாரே, அந்தக் கோட்டோடு.

அவள் கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "பின்னாடி வர்றவங்களும்னு போட்டிருந்துச்சா?" என்றாள்.

"போட்டிருந்துச்சு."

"இதை அங்க வந்து சொல்லுவீங்களா அம்மா?"

பார்க்கலாம் என்றேன். நாத்தனார் முகம் முன்னால் வந்தது. அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே போனாள். பெட்டியைக் காலி செய்தது நான் என்று மகள் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்து கேட்டிருப்பாளா?

மறுநாள் காலையில் பேத்தியின் நோட்டை வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். இன்றோடு ஐந்து நாள். வாயால் சொல்லப் போனால் நான் நடுவில் நாலு காரணம் சேர்த்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுத்தில் இருக்கட்டும். நாளை காலை இதை எடுத்துக்கொண்டு கிழக்குத் தெருவுக்குப் போகப் போகிறேன். இத்தனை வயதில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. தாயும் மகளும் இருக்கும்போது படிக்க வேண்டும். அடுத்து குழுவில். விசாரணை அன்று நன்னிலத்தில், சீட்டில் இருந்ததை நான் படித்தேன், சாட்சிக் கையெழுத்து என் புருஷனுடையது என்று நானே சொல்வேன். ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியாது. படம் படம்தான், கிழவியின் பேச்சு பேச்சுதான். நாத்தனார் இனி இந்த வீட்டுக்கு வர மாட்டாள் என்பது மட்டும் தெரியும்.

பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். ஐந்து நாளாக, என்ன எழுதுறீங்க, என்ன எழுதுறீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தா கண்ணு, வாங்கிக்க. மொதல்லேர்ந்து சத்தமா படி. பேப்பர் கப் வர்ற எடத்தை முழுங்கிடாத. நான் எங்கயாச்சும் என்னை நல்லவளாக் காட்டி எழுதியிருந்தேன்னா அங்கயே நிறுத்திக் கேளு. ம், படி.